பணிச்சோர்வும் ஆளுமையும்: உளவியல் ஆய்வுகள் குறித்துச் சில அவதானங்கள்

ஆங்கிலத்தில் ‘பேர்ண் அவுட்’ என வழங்கும் நிலையை இங்குப் பணிச்சோர்வு எனக் குறிப்போம். ஒருநாள் ஓய்வினால் நீங்கும் களைப்பினின்றும் இது வேறானது. உள்ளம் வரண்டு, பிறர்பால் அக்கறை குன்றி, தன் திறமையிலும் நம்பிக்கையிழக்கும் நிலை இது. இதற்குக் காரணம் உழைப்பவரின் ஆளுமையா, உழைப்பின் அமைப்பா என்னும் வினா நீண்டகாலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. காரணம் எதுவெனக் கொள்கிறோமோ அதற்கேற்பவே பரிகாரமும் அமையும்.

இத்தொடர் உளவியலுக்கு வருமுன்னரே இலக்கியத்தில் இடம்பெற்றமை மனங்கொள்ளத்தக்கது. கிரஹாம் கிறீன் 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட ‘எ பேர்ண்ட் அவுட் கேஸ்’ நாவல், கொங்கோவின் தொழுநோய் நிலையமொன்றை வந்தடையும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞனைப் பற்றியது. உறுப்புகளைச் சிதைத்தபின் நோய் தானே அடங்கிவிட்ட நோயாளரைக் குறிக்கும் தொடரே அதன் தலைப்பாயிற்று. 1974இல் ஹேர்பட் புறொய்டன்பேர்கர், நியூயோர்க்கின் இலவச மருத்துவ நிலையமொன்றில் தாமும் பிறரும் பெற்ற அனுபவத்தைக் கொண்டு இச்சொல்லை ஆய்வுலகில் நிலைநிறுத்தினார். ஈடுபாடு மிக்கோரே எளிதில் இந்நிலைக்கு ஆளாகின்றனர் என்பது அவரது அவதானம்.

கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் வெளியிட்ட அளவுகோல் 22 கூற்றுகளைக் கொண்டது. உணர்ச்சி வரட்சி, பிறரை மனிதராகக் கருதாமை, சாதனையுணர்வு குன்றல் என்னும் மூன்றையும் அது அளந்தது. ஆய்வுகள் பெருக இது வழிசெய்தது. ஆயினும் வினாக்கொத்தை நிரப்புபவர் தனிமனிதராதலின், ஆய்வின் பார்வையும் மெல்லத் தனிமனிதர்பாற் சாய்ந்தது. ஐங்காரணி ஆளுமைக் கோட்பாட்டில் உணர்ச்சித் தளம்பல் எனப்படும் பண்பு மிகுந்தோரிடம் பணிச்சோர்வும் மிகுந்து காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன.

இத்தொடர்பை மறுக்க வேண்டிய அவசியம் எமக்கில்லை. ஆனால், இவ்வாய்வுகளுட் பல ஒரே வேளையில் ஒரே மனிதரிடம் இரண்டையும் வினாவியவை. சோர்வே அவரது விடைகளைக் கருமைப்படுத்தியிருக்கவுங்கூடும். மேலும், குளம் பெருகும்போது கட்டு எவ்விடத்தில் முதலில் உடையும் என்பதை அவ்விடத்து மண் தீர்மானிக்கலாம். நீர் பெருகிய காரணத்தை மண்ணிலே தேடுதல் பொருந்தாது.

நீரின் பெருக்கை நோக்கிய ஆய்வுகளும் உள. வேலையின் பளு மிகுந்து, அதனைத் தீர்மானிக்கும் உரிமை குறையும்போது உளநெருக்கடி மிகும் என 1979இல் றொபேட் கராசெக் காட்டினார். 1967இல் ஆரம்பித்த வைற்ஹோல் ஆய்வு, பிரித்தானிய அரச ஊழியருள் கீழ்ப்படியினரே இதயநோயால் அதிகம் இறந்தமையை வெளிப்படுத்தியது. மாஸ்லாக்கும் மைக்கேல் லைற்றரும் 1997இல் வேலைப்பளு, கட்டுப்பாடு, வெகுமதி, கூட்டுணர்வு, நீதி, விழுமியம் ஆகிய ஆறிலும் மனிதருக்கும் வேலைக்குமிடையே எழும் பொருத்தமின்மையையே காரணமாக வலியுறுத்தினர்.

மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் விளக்கிய அந்நியமாதலை இங்கு நினைவுகூரலாம். ஆலைத் தொழிலாளியிடமிருந்து அவன் ஆக்கிய பொருள் அந்நியமாகின்றது. ஆர்லி ஹொக்ஷைல்ட் 1983இல் ஆராய்ந்த விமானப் பணிப்பெண்களிடமோ புன்னகையும் பரிவுமே விற்பனைக்குரியனவாகின்றன. அந்நிலையில், பிறரை மனிதராகக் கருதாமை ஆளுமைக் குறைபாடாக மட்டுமன்றி, எஞ்சிய தன்னுணர்வைக் காக்கும் அரணாகவும் விளங்கிக்கொள்ளப்படலாம்.

தியானப் பயிற்சியும் உளவுறுதி வகுப்பும் இன்று பரிகாரங்களாக முன்வைக்கப்படுகின்றன. வில்லியம் பிளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்வு, பிரித்தானியாவின் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவுகளை நோக்கியது. இத்தகைய திட்டங்களிற் பங்குபற்றியோர், தொண்டூழியம் செய்தோர் நீங்கலாக, ஏனையோரிலும் மேலான உளநலம் பெற்றிருக்கவில்லை. இதுவும் ஒருவேளைத் தரவேயாதலின் முடிந்த முடிபாகாது. எனினும் நிறுவனங்கள் தரும் உறுதிமொழிகளை ஐயுறப் போதுமானது.

2019இல் உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை நோயாகவன்றித் தொழில்சார் நிகழ்வாக வகைப்படுத்தியது வரவேற்கத்தக்கது. ஆயினும், வெற்றிகரமாகக் கையாளப்படாத வேலையிட நெருக்கடியின் விளைவு என அது தரும் வரைவிலக்கணம் செயப்பாட்டு வினையில் அமைந்துள்ளது. கையாளத் தவறியவர் ஊழியரா, நிறுவனமா? இலக்கிய மாணவராகிய எமக்குப் பழக்கமான வினா இது: வாக்கியத்தின் வினைமுதல் யார்? வேலைநேரத்தையும் ஆளணியையும் தீர்மானிக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளதோ அவரையே அவ்விடத்தில் எழுதவேண்டும் என்பது எமது துணிபு.