தண்டவாளத்தின் மேல் கார்கள்

கல்கத்தா டிராம் ஊர்ந்து போகும் என்கிறவர்கள், அதை ஊர வைத்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி லேக் மார்க்கெட்டுக்குக் குடிவந்து, தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த தெருவில் வாழ்ந்தவள் நான். வேலைக்குப் போன காலமெல்லாம் ராஷ்பிஹாரி அவென்யூவில் டிராம் ஏறி, கரியாஹாட்டில் 25ஆம் நம்பருக்கு மாறி, பார்க் சர்க்கஸ், எலியட் ரோடு வழியாக எஸ்பிளனேடில் இறங்குவேன். அப்போது அவென்யூவின் நடுவே டிராமுக்கென்று தனிப்பாதை இருந்தது. ஓரத்தில் கல் கட்டி, தண்டவாளங்களுக்கு இடையே புல் வளர்ந்திருக்கும். பஸ்ஸும் டாக்ஸியும் சிக்னலில் முண்டிக்கொண்டு நிற்கும். எங்கள் வண்டி மணியடித்தபடி தன் வழியே போய்விடும்.

பிறகு சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அந்தத் தனிப்பாதைகளை எடுத்தார்கள். புல் போய் கான்கிரீட் வந்தது. தண்டவாளம் சாலை மட்டத்துக்கு வந்ததும் கார்கள் அதன்மேல் ஏறிக்கொண்டன. முன்னால் ஒரு ஆட்டோ நின்றால் டிராம் ஒதுங்கிப் போகுமா? முடியாது, நிற்கத்தான் வேண்டும். நாங்கள் ஏறி இறங்குவதும் ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே என்றாயிற்று. முழங்கால் வலியோடு நடக்கிற மாஷிமாக்கள், அதாவது வங்காளப் பெரியம்மாக்கள், டிராமை விட்டது அதனால்தான். கூட்டம் குறைந்தது, வண்டிகளைக் குறைத்தார்கள். வண்டி குறைந்ததும் கூட்டம் இன்னும் குறைந்தது.

இந்த ஊரில் 1873 பிப்ரவரியில் சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரை குதிரைகள் டிராமை இழுத்தன. அந்த வருஷமே அது நின்றும் போனது. 1880இல் லண்டனில் பதிவான ஒரு கம்பெனி மறுபடி தொடங்கியது. 1902இல் எஸ்பிளனேடுக்கும் கிதிர்பூருக்கும் இடையே மின்சார டிராம் ஓடியது. மின்சாரத்தில் சென்னைதான் முந்தி: அங்கே 1895லேயே வந்துவிட்டது. அந்த டிராமில் காலேஜ் போனவர் என் அப்பா. 1953 ஏப்ரலில் சென்னை டிராம் நிரந்தரமாக நின்றது. அதே வருஷம் ஜூலையில் கல்கத்தாவில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா ஏற்றினார்கள். ஊரே கிளம்பிவிட்டது. ஜனங்கள் டிக்கெட் வாங்க மறுத்தார்கள், வண்டிகள் எரிந்தன, கடைசியில் அந்த ஒரு பைசாவைத் திரும்பப் பெற்றார்கள். அன்றாடம் காய்ச்சிகளின் வண்டியாக டிராம் இருந்ததால்தான் ஒரு பைசாவுக்கு அத்தனை கோபம்.

வண்டியின் அமைப்பு எளிமையானது. தலைக்கு மேல் ஒரு கம்பி, அதில் 550 வோல்ட் மின்சாரம். கூரையிலிருந்து நீளும் கழி அந்தக் கம்பியைத் தொட்டு மின்சாரத்தை மோட்டாருக்குக் கொண்டுவரும். அது சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிப் போகும். பேட்டரி இல்லை, தெருவில் புகை இல்லை. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு குறைவு. அதனால் இரண்டு பெட்டி நிறைய ஆட்களைக் கொஞ்ச மின்சாரத்திலேயே இழுத்துவிடும். கிளை பிரியும் இடத்தில் சில சமயம் கழி கம்பியிலிருந்து நழுவிவிடும். மின்விசிறி நிற்கும். கண்டக்டர் இறங்கிப் பின்னால் போய், கயிற்றைப் பிடித்து அண்ணாந்து பார்த்தபடி கழியை மறுபடி கம்பியில் மாட்டிவிட்டு வருவார். பல வருஷமாக எங்கள் வண்டியில் வந்த ஒரு கண்டக்டர், நான் மூச்சு வாங்க ஓடி வருவதைப் பார்த்தால் புறப்பாட்டு மணிக் கயிற்றை இழுக்க மாட்டார். “ஆஸ்தே தீதி, ஆஸ்தே” என்பார். மெதுவா வாங்கக்கா என்று அர்த்தம். அப்போது மின்விசிறி முதல் பெட்டியில் மட்டும்தான்; இரண்டாம் பெட்டியில் டிக்கெட் விலை கொஞ்சம் குறைவு. காய்கறிக் கூடைக்காரர்கள் அதில்தான் ஏறுவார்கள்.

2024 செப்டம்பரில் மாநில அரசு, மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையே மட்டும் பாரம்பரியச் சின்னமாக டிராம் இருக்கும், மற்றவை நிறுத்தப்படும் என்று அறிவித்தது. டிராம் பற்றிய வழக்கு உயர் நீதிமன்றத்தில் இருந்த நேரம் அது. சில தெருக்களில் தண்டவாளத்தின் மேல் தாரையும் ஊற்றிவிட்டார்கள். நகரின் பரப்பில் சாலை 6 சதவீதம்தான், டிராமுக்கு ஏது இடம் என்பது அரசின் வாதம். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. சாலை குறைவான ஊரில்தான் ஒரே வண்டியில் நூறு பேரை ஏற்றிச் செல்வதற்கு முதலிடம் தர வேண்டும். ஒருவரோ இருவரோ உட்கார்ந்து போகும் கார்கள் அல்லவா இடத்தை அடைக்கின்றன? மெல்போர்னில் சுமார் 250 கிலோமீட்டருக்கு டிராம் ஓடுகிறது. அங்கே ஆட்கள் ஏறி இறங்க டிராம் கதவு திறந்து நின்றால், பின்னால் வரும் கார் அதைக் கடக்கக் கூடாது என்பது சட்டம். அந்த ஒரு சட்டம் ராஷ்பிஹாரியில் இருந்திருந்தால் எங்கள் மாஷிமாக்கள் இன்றைக்கும் டிராமில் போய்க்கொண்டிருப்பார்கள்.

பாரம்பரியம் என்று ஒன்றிரண்டு கிலோமீட்டரை மட்டும் விட்டுவைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அது போதும். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு உதவாது. அகலமான சாலைகளிலாவது அந்தத் தனிப்பாதையை, கல்கட்டோடு, திருப்பித் தர வேண்டும். வண்டிக்கு வெளிநாட்டிடம் கையேந்தவும் வேண்டாம். 25ஆம் நம்பர் போகும் வழியிலேயே நோனாபுகூர் பணிமனை இருக்கிறது. டிராம் பெட்டியை அடித்தளத்திலிருந்து கூரை வரை அங்கேயே கட்டியிருக்கிறார்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் ஓய்வு பெறுவதற்குள், அவர்களிடம் இளைஞர்களைச் சேர்த்துவிட வேண்டும்.