கப்பலுக்குள் ஒரு மளிகைக் கடை

நாடு விட்டு நாடு போய்ச் சாதித்தவர்கள் என்றால் விஞ்ஞானிகளையும் மென்பொருள்காரர்களையும்தான் எழுதுகிறோம். டப்பாவுக்கு லேபிள் போட்டே பேர் வாங்கியவர் வால்டர் லாண்டர்.

1913-ல் மியூனிக்கில் பிறந்தவர். அப்பா யூதக் கட்டடக் கலைஞர். லாண்டவர் என்ற குடும்பப் பெயரை லண்டனில் இருந்தபோது லாண்டர் என்று மாற்றிக்கொண்டார். 1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு, பிரிட்டிஷ் அரங்கு வேலையாக அமெரிக்கா போனார். சான் பிரான்சிஸ்கோ பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். 1941-ல் மனைவி ஜோசஃபினோடு சின்னக் குடியிருப்பில் தொழிலை ஆரம்பித்தார்.

தொழிலுக்குத் தோதான ஊர். கலிஃபோர்னியா முழுக்கப் பழத்தை டப்பாவில் அடைக்கும் ஆலைகள், ஒயின், பீர் தயாரிப்பாளர்கள். போர் முடிந்ததும் சூப்பர் மார்க்கெட்டுகள் பெருகின. 'இதை வாங்கிட்டுப் போங்கம்மா' என்று எடுத்துக் கொடுக்கக் கடைக்காரர் இல்லை. லேபிள்தான் பேச வேண்டும்.

லாண்டரின் கெட்டிக்காரத்தனம் தூரிகையில் இல்லை, காலில் இருந்தது என்பேன். கடைக்குள் போய், வாங்குகிறவர்களிடமே பேச்சுக் கொடுத்தார். 1964-ல் கிளாமத் என்ற பழைய ஃபெரியை வாங்கித் துறைமுகத்தில் கட்டிப்போட்டு அலுவலகமாக்கினார். ஒரு காலத்தில் கார்களை ஏற்றி அக்கரை சேர்த்த கப்பல் அது. அதற்குள் சூப்பர் மார்க்கெட் அலமாரிகளையே அமைத்து, புது வடிவங்களை அடுக்கிச் சோதித்தார்கள். மேசைமேல் தனியாக வைத்தால் எந்த லேபிளும் அழகுதான். போட்டி டப்பாக்களுக்கு நடுவே, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர் கண்ணில் படுகிறதா என்பதல்லவா விஷயம்!

தேவையில்லாததை எல்லாம் வாங்க வைக்கிற வித்தை இது என்பவர்களும் உண்டு. இருக்கட்டும்.

என் கவலை வேறு. இன்று பாக்கெட்டை வடிவமைக்கிறவர் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருப்பதில்லை. செல்போன் திரையில் நகத்தளவு படமாகத் தெரிந்தால் போதும் என்றாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மாட்டிக் காலாவதித் தேதியைத் தேடும் பாட்டியை அவர் பார்த்ததே இல்லை. எண்ணெய்க் கையோடு பாக்கெட்டைப் பிரிக்க முடியாமல் பல்லால் கடிப்பவரையும் பார்த்ததில்லை. விற்பனைக் கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்கிறார்கள். பாட்டி கேட்க நினைத்துக் கேட்காமல் போனதைக் கணக்கு சொல்லுமா?

லாண்டர் 1995-ல் காலமானார். அவர் நிறுவனத்தின் படைப்புகள் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் சேகரிப்பில் இருக்கின்றன. அங்கே போய்ப் பார்க்க வேண்டாம். லேபிள் வரையும் பிள்ளைகளை வாரம் ஒரு மணி நேரம் பக்கத்து மளிகைக் கடையில் நிற்க வையுங்கள், முதலாளிகளே. அதற்கும் சேர்த்துச் சம்பளம் கொடுங்கள்.