தடுப்பூசித் தயக்கமும் அதனை நீக்கும் வழிகளும்

காவிரியின் கடைமடையில், கடலோரமாக அமைந்தது காரைக்கால் மாவட்டம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை இரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டியது. திருநள்ளாறு, நெடுங்காடு பக்கங்களில் உழவர்களும், காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு போன்ற ஊர்களில் மீனவர்களும், நகரில் வணிகர்களும் வாழ்கின்றனர். ஆட்சி முறையில் இப்பகுதி புதுச்சேரியைச் சேர்ந்தது. சுற்றிலும் உள்ளவை தமிழ்நாட்டுக் கிராமங்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தையும் திருவிழாவும் எல்லைக் கோட்டைப் பார்ப்பதில்லை. தொற்றுநோயும் பார்ப்பதில்லை.

தட்டம்மை கண்ட ஒரு குழந்தையிடமிருந்து, காப்புப் பெறாத 12 முதல் 18 பேருக்கு அந்நோய் பரவக்கூடும். எனவே அதனைத் தடுத்து நிறுத்த, நூற்றுக்கு 95 பேராவது காப்புப் பெற்றிருத்தல் வேண்டும். மாவட்டச் சராசரி நன்றாக இருந்தும், ஒரே தெருவில் பத்துக் குழந்தைகள் விடுபட்டால் அத்தெருவில் நோய் நுழைய வழி திறந்தே இருக்கும். ருபெல்லாவோ கருவுற்ற தாயைத் தொடக்க மாதங்களில் தாக்கினால், பிறக்கும் குழந்தைக்குச் செவிட்டுத்தன்மை, கண்புரை, இருதயக் கோளாறு ஆகியவை நேரிடலாம்.

இவ்விரு நோய்களுக்கும் எதிராக 2017 பிப்ரவரியில் நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. முதற்கட்டத்தில் சேர்க்கப்பட்டவை தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகம், கோவா, லட்சத்தீவு ஆகிய ஐந்து. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஊசி போட ஏற்பாடாயிற்று. ஆனால், ஊசியால் தீங்கு விளையும் என்ற வதந்தி தமிழ்நாட்டில் வாட்ஸப் மூலம் பரவியது. பெற்றோர் பலர் தயங்கினர். இயக்கத்தின் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

ஐயம் அறியாமையா?

தயங்குவோரை அறியாதவர் என்று ஒதுக்குவது எளிது. ஆயின் அது சரியன்று. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை 1955-இல் எதிர்த்து எழுதியவர், கல்வியிற் சிறந்த ராஜாஜி அவர்களே. அந்த ஊசியின் பயனை அளந்தறியச் செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் பெரியதோர் ஆய்வு தொடங்கிற்று. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்று அவ்வாய்வு காட்டியது. சிறு குழந்தைகளை மூளைக்காய்ச்சல் முதலிய கொடிய வகைக் காசத்திலிருந்து அது காக்கிறது என்பதும் பிற ஆய்வுகளால் உறுதியாயிற்று. ஆகவேதான் இன்றும் பிறந்த குழந்தைக்கு அவ்வூசி போடப்படுகிறது. ஐயத்துக்கு ஏச்சு மருந்தாகாது; ஆராய்ச்சியும், அதன் முடிவை உள்ளபடி உரைத்தலுமே மருந்தாகும்.

காரணங்கள் மூன்று

உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு ஒன்று தயக்கத்தின் காரணங்களை மூன்றாக வகுத்தது: நம்பிக்கைக் குறைவு, நோயைப் பற்றிய அலட்சியம், வசதிக் குறைவு. நடவுக் கூலியை இழக்க முடியாத தாய்க்கும், காலையில் மீன் விற்கச் செல்லும் தாய்க்கும் ஊசியின்மீது வெறுப்பு இல்லாமலிருக்கலாம், நேரந்தான் இல்லை. அவர்களிடம் சொற்பொழிவு செய்து பயனென்ன?

ராஜஸ்தானில் உதயப்பூர் மாவட்டத்தில் நடந்து, 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதனை விளக்கும். வழக்கமான ஏற்பாடு மட்டும் இருந்த கிராமங்களில் 100-க்கு 6 குழந்தைகளே எல்லா ஊசிகளையும் பெற்றன. மாதந்தோறும் தவறாமல் முகாம் நடந்த கிராமங்களில் 18 குழந்தைகள் பெற்றன. முகாமோடு ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பும், முடிவில் உணவுத் தட்டுகளும் அளித்த இடங்களில் அது 39 ஆயிற்று.

நம்பிக்கை குறைந்த இடத்திலோ வழி வேறு. அமெரிக்கப் பெற்றோரிடையே நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வதந்தியை மறுக்கும் தகவலைக் கொடுத்தபோது தவறான எண்ணம் குறைந்தது; ஆனால் ஊசி போடும் விருப்பம் கூடவில்லை. செய்தி மட்டும் போதாது. அதைச் சொல்பவர் யார் என்பதும் முக்கியம். ஹரியானாவில், செய்தி பரப்புவதில் வல்லவர் யார் என்று ஊராரையே கேட்டு, அவர்கள் வாயிலாகவும் கைப்பேசிக் குறுஞ்செய்தி வாயிலாகவும் நினைவூட்டியது, செலவைக் கருதுமிடத்து மிகுந்த பயன் தந்தது.

நாம் செய்யத் தக்கவை

கிராம சுகாதார செவிலியும் அங்கன்வாடிப் பணியாளரும் விடுபட்ட குழந்தைகளைத் தெருவாரியாகக் குறித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வீட்டிலும் காரணத்தை முதலில் பொறுமையுடன் கேட்டறிய வேண்டும். அதே தெருவில் ஊசி போட்டுக்கொண்டவர்களையும் விசாரித்தால் வேறுபாடு எங்கே என்பது விளங்கும். நேரமில்லாத இடத்தில் முகாமின் வேளையை மாற்றலாம். அச்சமுள்ள இடத்தில் ஊர்ப் பஞ்சாயத்தாரையும், ஜமாத்தாரையும், பிள்ளை பெற்று வளர்த்த மூத்த பெண்களையும் துணைகொள்ளலாம். இரண்டு மூன்று ஊர்களில் செய்து பார்த்து, எத்தனை குழந்தைகள் கூடின என்று எண்ணிய பின்னரே, அம்முறையைப் பிற ஊர்களுக்கு விரித்தல் நன்று.

ஊசிக்குப் பின் இலேசான காய்ச்சலும் வலியும் வரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லுதல் இன்றியமையாதது. அதை மறைத்தால், இரவில் குழந்தையின் உடல் சுடும்போது தாய் நம்முடைய சொல்லை மறந்து வதந்தியை நம்பிவிடுவாள். முன்பே கூறியிருந்தால், அடுத்த ஊசிக்கு அவளே குழந்தையை எடுத்து வருவாள். பக்கத்து வீட்டாரையும் அழைத்து வருவாள்.