வாசலில் நெரிசல், அடைப்பு எங்கே?

(மூன்றாம் ஆண்டு, புள்ளியியல்)

சென்ற ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் மாலை, என் தந்தையார் மொபெட்டிலிருந்து சறுக்கி விழுந்து முன்கை எலும்பை முறித்துக்கொண்டார். அவரை அழைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் திருவிழாக் கூட்டம்! பெஞ்சுகளில் இடமில்லை, நடைபாதையின் இரு பக்கமும் ஸ்டிரெச்சர்கள்.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த மூதாட்டி ஒருவரை வந்த ஐந்தாவது நிமிடமே உள்ளே கொண்டுபோனார்கள். அவர் அழவில்லை, முனகவில்லை. முகமெல்லாம் வியர்த்துப் பேசாமல் சாய்ந்திருந்தார், அவ்வளவுதான். எனக்குக் கோபம் பொங்கிற்று. "சிஸ்டர், நாங்கள்தானே முதலில் வந்தோம்? இது என்ன நியாயம்?" என்று எல்லாரும் திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன்.

அந்தச் செவிலியர் சினம் கொள்ளவில்லை. "தம்பி, உங்க அப்பாவுக்கு வலியிலே கத்தறதுக்குத் தெம்பு இருக்கு. அந்த அம்மாவுக்கு அதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டு நடந்தார். மூதாட்டிக்கு மாரடைப்பு என்பது பிறகு தெரிந்தது. நான் வெட்கித் தலைகுனிந்தேன். அந்த வெட்கத்தில் தேடிப் படித்தவற்றையே நண்பர்களாகிய உங்கள் முன் வைக்கிறேன்.

முந்தி வந்தவர் யார்?

ரேஷன் கடையில் முந்தி வந்தவருக்கே முதலிடம். அதுவே அங்கு நியாயம். அவசர சிகிச்சையில் அதே நியாயம் அநியாயமாகிவிடும். நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய லாரே என்பவர், காயம்பட்டோரைப் பதவி பாராமல், காயத்தின் கடுமை ஒன்றையே பார்த்து வரிசைப்படுத்தினார். இவ்வாறு வகைபிரிப்பதற்குப் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த பெயரே 'டிரையேஜ்'. 1990களில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உருவான முறை, நோயாளிகளை ஐந்து நிறங்களாகப் பிரிக்கிறது. சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சுக்கு 10 நிமிடம், மஞ்சளுக்கு 60, பச்சைக்கு 120, நீலத்திற்கு 240. தமிழகத்தின் அரசு மருத்துவமனைகளிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறை வந்திருக்கிறது. அன்று மூதாட்டி சிவப்பு. என் தந்தையார் மஞ்சள். இதை அறியாமல் நான் கத்தினேன்.

ஆயினும் வகைபிரிப்பது யார் முதலில் என்பதைத்தான் சொல்லும், கூட்டத்தைக் குறைக்காது. அப்படியானால் கூட்டம் ஏன் சேருகிறது?

கூட்டத்தின் கணக்கு

இங்கேதான் எங்கள் துறையின் பாடம் துணைக்கு வந்தது. 1961இல் ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் நிறுவிய விதி மிக எளியது: உள்ளே இருப்போரின் எண்ணிக்கை என்பது, மணிக்கு வருவோரின் எண்ணிக்கையை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கி வருவது. மணிக்குப் 10 பேர் வந்து, ஒவ்வொருவரும் சராசரி 4 மணி நேரம் தங்கினால் உள்ளே 40 பேர் இருப்பர். வருவோர் ஒருவர்கூடக் கூடாமல், தங்கும் நேரம் மட்டும் 6 மணி ஆனால் 60 பேர்! வாசலில் வருவோரை எண்ணிக் கொண்டிருந்தால் இந்த 20 பேர் எங்கிருந்து முளைத்தனர் என்பது விளங்காது.

தங்கும் நேரம் ஏன் நீளுகிறது? என் தந்தையாரையே எடுத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்குள் எக்ஸ்ரே எடுத்து, தற்காலிகக் கட்டுப் போட்டு, அறுவை தேவை, வார்டில் சேருங்கள் என்று டாக்டர் எழுதிவிட்டார். அவசரப் பிரிவில் அவருக்கு இனி வேலையில்லை. ஆனால் வார்டில் கட்டில் இல்லை. மறுநாள் நண்பகல் வரை நடைபாதையில் ஸ்டிரெச்சரிலேயே கிடந்தார். கட்டில் கிடைத்தபோது, அதைக் காலி செய்த பெரியவர் என்னிடம் சொன்னார்: "நேத்தே வீட்டுக்குப் போகலாம்னாங்க தம்பி. சீட்டு எழுதி வாங்க இன்னைக்கு ஆயிடுச்சு."

ஏரிக்கு வரும் நீர் அதே அளவுதான்; கலிங்கு அடைபட்டால் கரை தாங்குமா? வாசலில் கண்ட நெரிசலின் அடைப்பு, மாடியில் ஒரு சீட்டில் இருந்தது.

சளி, காய்ச்சல் என்று வருவோரால்தான் கூட்டம் என்பது பலரின் எண்ணம். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 2007இல் வெளியான ஆய்வு, எளிய நோயாளிகளால் மற்றவர்க்கு ஏற்படும் தாமதம் மிகச் சொற்பம் என்று கண்டது. ஏனெனில் அவர்களுக்குக் கட்டில் தேவையில்லை. மருந்து வாங்கிப் போய்விடுவர்.

கட்டில்கள் எல்லாம் எப்போதும் நிறைந்திருப்பதுதானே சிக்கனம் என்று கேட்கலாம். வரிசைக் கோட்பாடு வேறு விடை தருகிறது. ஒருவரே பணி செய்யும் எளிய வரிசையில், அவர் நேரத்தில் 80 விழுக்காடு வேலை இருந்தால் சராசரியாக 4 பேர் இருப்பர். 90 என்றால் 9 பேர். 95 என்றால் 19 பேர்! மருத்துவமனைக் கட்டில்களின் கணக்கு இதைவிடச் சிக்கலானதே. ஆயினும் போக்கு ஒன்றே. சராசரியாக 85 விழுக்காட்டுக்கு மேல் கட்டில்கள் நிறைந்தால் ஆபத்து தலைகாட்டும் என்று 1999இல் இங்கிலாந்து ஆய்வு ஒன்று கணித்தது. இது வெறும் அசௌகரியமன்று. நெரிசல் மிகுந்த வேளைகளில் வந்த நோயாளிகளிடையே இறப்பு மிகுதி என்று 2006இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஆய்வுகள் காட்டின.

வழி என்ன?

இங்கிலாந்து 2000ஆம் ஆண்டில், எவரும் அவசரப் பிரிவில் 4 மணி நேரத்திற்கு மேல் இருக்கலாகாது என்று இலக்கு வகுத்தது. பின்னர் அது 95 விழுக்காட்டினருக்கு என்று தளர்த்தப்பட்டது. 2015க்குப் பின் நாடு முழுவதற்குமாக அதுவும் எட்டப்படவில்லை. கடிகாரம் மட்டும் கட்டிலைக் காலி செய்யாது அல்லவா? நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் மருத்துவமனை வேறு வழி கண்டது. அவசரப் பிரிவு நிறைந்ததும், வார்டுக்குக் காத்திருப்போரை வார்டுக்கு ஒருவர் இருவராக மாடி நடைபாதைகளுக்குப் பிரித்து அனுப்பினர். ஓரிடத்தில் குவிந்த சுமை பலர் தோளில் பகிரப்பட்டது.

இவற்றைவிட எளியது, வீடு திரும்புவோரின் சீட்டை முதல் நாளே எழுதி வைத்துக் காலையிலேயே அனுப்புவது. ஞாயிற்றுக்கிழமையும் அதைச் செய்வது. உறவினராகிய நமக்கும் இதில் பங்குண்டு. போகலாம் என்று சொன்னதும், நல்ல நேரம் பார்த்து நாம் தாமதிக்கும் ஒவ்வொரு மணியும், கீழே யாரோ ஒருவர் ஸ்டிரெச்சரில் கழிக்கும் மணி.

தந்தையாரின் கை கூடிவிட்டது. தையல் பிரிக்கப் போன அன்று அந்தச் செவிலியரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு என்னை நினைவில்லை. "தினமும் எத்தனையோ பேர் கத்தறாங்க தம்பி, யாரைன்னு ஞாபகம் வெச்சுக்கறது?" என்று சிரித்தார். அந்த எத்தனையோ பேரில் நம் கல்லூரியிலிருந்து இனி ஒருவரும் சேராதிருப்போமாக!