உங்களுக்குத் தெரியுமா? ஸ்னோபோர்டின் பிடி அதன் விளிம்பில்!

சிறுசேரி சிப்காட்டிலிருந்து விடுப்பு போட்டுவிட்டுக் குல்மார்க் கிளம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. புதுப்பனியில் ஸ்னோபோர்டு மிதந்தே போய்விடும். பகலில் உருகி இரவில் இறுகிய சரிவில்தான் சோதனை. அங்கே காப்பாற்றுவது பலகையைச் சுற்றி ஓடும் மெல்லிய எஃகு விளிம்பு. அது மழுங்கினால் பலகை பக்கவாட்டில் வழுக்கும். 90 பாகை விளிம்பை அரத்தால் 89 அல்லது 88 ஆகத் தீட்டினால் கெட்டிப்பனியிலும் கடித்து நிற்கும். தீட்டியபின் பிசிறைக் கல்லால் தேய்த்தெடுக்க வேண்டும். அமெரிக்காவின் லிப் டெக் நிறுவனம் விளிம்பையே ரம்பப்பல் போல அலையலையாக வளைத்து, பிடிக்கும் இடங்களைக் கூட்டியது. அருமையான யோசனை!

வாடகைப் பலகை எடுக்கும்போது விளிம்பின் குறுக்கே நகத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். நகம் துளி சீவப்பட்டால் கூர் இருக்கிறது. இல்லையென்றால் தயங்காமல் வேறு பலகை கேளுங்கள்.