கோபுரத்தில் ஒளிந்திருந்தவன்

சென்ற தை மாதத்துப் பிரதோஷம் ஒன்றில், பல்லடத்திலிருந்து பேரனை அழைத்துக்கொண்டு அவிநாசியப்பர் சந்நிதிக்குச் சென்றிருந்தேன். மகள் வயிற்றுப் பேரன்; ஒன்பதாம் வகுப்பு மாணவன். இராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தவன் கைகூப்பவில்லை. "அப்பச்சி, அந்த மேல் நிலையில ஒருத்தன் துப்பாக்கியோட ஒளிஞ்சிருந்தா, நாம எந்தப் பக்கம் ஓடறதுங்க?" என்றான். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அவன் கண்கள் மெய்யாகவே அங்கே எவனையோ தேடின.

வீடு திரும்பியபின் மெல்ல விசாரித்தேன். கைபேசியில் இரவு பகலாக ஒரு போர் விளையாட்டு. மொட்டை மாடியைக் கண்டால் எதிரி, புதரைக் கண்டால் பதுங்குமிடம், படுத்தபின் காலடியோசை. "எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுங்களா?" என்று கேட்டபோது அவன் குரல் நடுங்கியது.

கிறுக்கன்று என்று நான் உடனே சொன்னதற்குக் காரணம் உண்டு. கணினி வருவதற்கு முன், ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் இறுதி இரவுகளில், கண்ணை மூடினால் பேரேட்டின் எண்கள் என்முன் வரிவரியாக ஓடும். விடுமுறை நாளிலும் தறியோசை காதில் விழுவதாக எங்களூர் விசைத்தறிக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அறிவியலும் இதை ஆராய்ந்திருக்கிறது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவர் குழுவினரும் 27 பேரை டெட்ரிஸ் என்னும் கட்டை அடுக்கும் விளையாட்டை ஆடச் செய்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். உறக்கம் தொடங்கும் வேளையில் பலருக்கும் கட்டைகள் விழும் காட்சி தோன்றியது. அவர்களுள் ஐவர் நினைவாற்றல் இழந்தவர்கள். ஆடியதே நினைவில்லாத அவர்களிலும் சிலருக்கு அதே காட்சி வந்ததுதான் என்னை வியக்க வைத்தது. ஆடியவர் மறந்தாலும் மனம் மறப்பதில்லை போலும்! 2011இல் ஆஞ்சலிகா ஆர்டிஸ் டி கோர்டாரியும் உடன் ஆய்ந்தோரும், 15 முதல் 21 வயது வரையிலான 42 ஆட்டக்காரர்களிடம் பேசி, விளையாட்டின் காட்சியும் ஓசையும் செயலும் அன்றாட வாழ்வில் புகுவதைப் பதிவு செய்தனர். நீண்ட நேரம் ஒன்றிலேயே மூழ்கிய மனத்தின் இயல்பு இது. பெரும்பாலும் தானே தணிந்துவிடும்.

நோய் என்பது வேறு. ஆட்டத்தை நிறுத்த இயலாமை, மற்ற கடமைகளைக் காட்டிலும் அதுவே பெரிதாகிவிடுதல், கேடு கண்ட பின்னும் தொடர்தல் ஆகியவை பொதுவாக ஓராண்டு நீடித்து வாழ்வைக் குலைத்தால், அதனை நோயென்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. அந்த வகைப்பாடு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இத்தகையோருக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. ஆட்டத்துக்கு முடிவென்று ஒன்றில்லை. நடுவில் எழுந்தால் கூட்டாளிகள் தோற்றுப்போவர். பிள்ளைகளால் எழ முடியாததற்குச் சோம்பல் மட்டுமே காரணமன்று என்பது என் துணிபு.

மாப்பிள்ளை கைபேசியை உடைத்தெறிய முனைந்தார். தடுத்தேன். பயந்து உண்மையைச் சொன்ன பிள்ளை அடுத்தமுறை சொல்லாமல் மறைப்பான் அல்லவா? இரவு எட்டு மணிக்குக் கைபேசி பூசையறை மாடத்துக்குப் போய்விட வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். பெரியவர்களின் கைபேசியும்தான். முதல் வாரம் என் கையே பரபரத்தது, அதை மறைப்பானேன்? இரண்டாம் மாதத்தில் காலடியோசை நின்றதாகச் சொன்னான். நடுவில் இரண்டு முறை ஒப்பந்தத்தை மீறவும் செய்தான்.

பங்குனியில் மீண்டும் அவிநாசி சென்றோம். தாமரைக்குளக் கரையில் அமர்ந்து, முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரமூர்த்தி நாயனார் பதிகம் பாடி மீட்ட வரலாற்றைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவன், "அத்தனை வருசங் கழிச்சு வந்தவனுக்கு அவங்கம்மாவை அடையாளம் தெரிஞ்சுதுங்களா?" என்றான்.

ஓதுவாரிடம் கேட்போம் வா என்று எழுந்தேன்.