இடுப்பு நோகுது என்றால் எவ்விடம்?

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமம். மாதர் சங்கக் கட்டடத்தின் விறாந்தையில் பாய் விரித்துப் பதினைந்து, பதினாறு பெண்கள் இருந்தார்கள். சேமிப்புக் கூட்டம் முடிந்திருந்தது. அன்று எம்முடன் வந்திருந்த இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒரு பெண். அவர் எல்லோரிடமும் பொதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கட உடம்பில எவ்விடம் நோகுது?"

"இடுப்பு, மிஸ்."

ஏறக்குறைய எல்லோருடைய பதிலும் இதுதான்.

"சரி, இடுப்பெண்டா எவ்விடம்? விரலால தொட்டுக் காட்டுங்கோ பாப்பம்."

ஒருவர் முதுகின் கீழ்ப்பகுதியில் கை வைத்தார். இன்னொருவர் தொடையின் வெளிப்பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பைத் தொட்டார். மற்றொருவர் பிட்டத்தைக் காட்டி, அங்கிருந்து கால் விரல் வரை கையை இழுத்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா மட்டும் கையை எங்கும் வைக்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "அது உள்ளுக்க, மிஸ்" என்றார்.

மற்றவர்கள் எழும்பிப் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டுத்தான் அவர் காட்டினார். இடது தொடையும் அடிவயிறும் சந்திக்கின்ற மடிப்பு. அதைத்தான் சிலர் அரை என்றும், சிலர் தொடைச்சந்து என்றும் சொல்வோம். அவ்விடத்தில் மூன்று வருடமாக நோ. காலையில் பாயிலிருந்து எழும்பும்போது கால் மடங்காது. சைக்கிளில் ஏறக் காலைத் தூக்க ஏலாது. இடது முழங்காலும் நோவதால் வைத்தியசாலையில் முழங்காலை மட்டும் காட்டியிருக்கிறார். முழங்கால் எக்ஸ்ரேயில் ஒரு குறையும் இல்லை. பூசுவதற்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"ஏனக்கா மற்ற இடத்தைச் சொல்லேல்லை?"

"ஆம்பிளை டொக்டர். அவ்விடத்தை எப்பிடிக் காட்டிறது பிள்ளை? அதோட நான் தனிச்ச பொம்பிளை. சனம் வேற கதை கட்டும்."

அவரது கணவர் 2009இல் இல்லாமற்போனவர். மூன்று பிள்ளைகளையும் அவர்தான் வளர்த்தார்.

இயன்மருத்துவர் அவரைப் பாயில் நிமிர்ந்து படுக்கச் சொன்னார். இடது முழங்காலை மடித்து, தொடையை வயிற்றுப் பக்கம் கொண்டுவந்து, பாதத்தை மெல்ல வெளியே திருப்பினார். அப்படித் திருப்பும்போது தொடை உட்பக்கமாகச் சுழலும். "ஐயோ" என்று அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். நோவு வந்த இடம் அதே மடிப்பு. முழங்காலை மட்டும் தனியாக மடித்து நீட்டியபோது ஒன்றும் இல்லை. "இது முழங்கால் வருத்தம் இல்லை, அக்கா. இடுப்பு மூட்டு" என்றார். பின்னர் மாவட்ட வைத்தியசாலையில் எடுத்த எக்ஸ்ரேயும் அதைத்தான் காட்டியது. மூட்டின் இடைவெளி குறைந்து தேய்ந்திருந்தது.

இந்தக் குழப்பத்தில் எமது மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. குடம் வைப்பதும் இடுப்பில், பிள்ளையை ஏந்துவதும் இடுப்பில், பாவாடை நாடா கட்டுவதும் இடுப்பில். முதுகின் அடியிலிருந்து தொடை தொடங்கும் இடம் வரை எல்லாவற்றுக்கும் எமக்கு ஒரே சொல். வெளிநோயாளர் பிரிவில் நூறு பேர் காத்திருக்க, "இடுப்பு நோகுது" என்றதும் முதுகு நோவுக்கான குளிசை எழுதப்பட்டுவிடுகிறது. வைத்தியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாம் இடத்தைச் சொல்லவில்லை.

இடுப்பு மூட்டு வெளியே தெரிவதில்லை. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் பொருந்தியிருக்கிறது. அது இருப்பது தொடைச்சந்தின் உட்புறத்தில், ஆழத்தில். ஆகவேதான் அந்த மூட்டில் பழுது வந்தால் பெரும்பாலும் தொடைச்சந்தில் நோகும். அம்மூட்டுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்புகள் முழங்காலுக்கும் போவதால் நோவு முழங்காலிலும் தெரியும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே தெரியும்.

தொடையின் வெளிப்பக்க எலும்பில் நோவு, அந்தப் பக்கம் சரிந்து படுத்தால் கூடுகிறது என்றால், அது அநேகமாக மூட்டு அல்ல. பிட்டத்துத் தசைகளின் நாண்கள் அந்த எலும்பில் பற்றும் இடத்தில் வந்த பழுது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இது அதிகம். இரவில் நல்ல பக்கம் சரிந்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையை வைத்துப் படுத்தாலே பாதி ஆறுதல் கிடைக்கும். பிட்டத்திலிருந்து காலுக்குக் கீழே மின்சாரம் போல இழுத்தால் அது முதுகெலும்போடு சேர்ந்த நரம்பு. வயல் வரம்பில் சறுக்கிக் கால் அகன்று விழுந்த பின் தொடையின் உட்பக்கம் நோவது தசை இழுபட்டதால். கர்ப்பிணிகளுக்கும் புதிதாய்ப் பிள்ளை பெற்றவர்களுக்கும் முன்பக்க இடுப்பெலும்புப் பொருத்தில் நோவு வரும். அவர்கள் படுக்கையில் புரளும்போது இரண்டு முழங்கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டே புரளவேண்டும்.

தொடைச்சந்தில் வருவதெல்லாம் எலும்பும் தசையும் அல்ல. அங்கே ஒரு வீக்கம் தோன்றி, இருமும்போது பெருத்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். அந்த வீக்கம் கல்லுப்போல் இறுகி, உள்ளே போகாமல், நோவும் வாந்தியும் வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். காய்ச்சல், வெள்ளைபடுதலில் துர்நாற்றம், சலம் எரிவு ஆகியவற்றோடு வரும் நோவுக்கும் பயிற்சி மருந்தாகாது.

பலாத்காரத்துக்கு ஆளான பெண்களுக்கும் இந்தப் பகுதியில் நீண்டகால நோவு இருப்பதுண்டு. தசைகள் தம்மையறியாமலே இறுகிப்போயிருக்கும். நடந்ததை எல்லாம் சொன்னால்தான் சிகிச்சை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். "இவ்விடம் நோகிறது, தொடுவதற்கு முன் சொல்லுங்கள்" என்பது போதும். பெண் வைத்தியரை, அல்லது பரிசோதனையின்போது ஒரு பெண் தாதி கூட நிற்கவேண்டும் என்று கேட்கலாம். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வழி காட்டுவார்.

வாளி எந்தக் கையில்?

அந்த அக்காவிடம் இயன்மருத்துவர் அடுத்ததாகக் கேட்டது, தண்ணீர் வாளியை எந்தக் கையில் தூக்குகிறீர்கள் என்பதை. வலது கையில், ஏனெனில் நோகிற பக்கம் பாரம் வேண்டாம் என்று நினைத்தாராம். எல்லோரும் அப்படித்தான் நினைப்போம். அது பிழை.

நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு காலில் மட்டும் நிற்கும் கணம் ஒன்று உண்டு. உடம்பு மற்றப் பக்கம் சரிந்துவிடாமல் நிற்கிற காலின் பிட்டத்துத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. உடற்பாரமும் அந்த இழுவையும் சேர்ந்து மூட்டை அழுத்துகின்றன. சாதாரண நடையிலேயே மூட்டில் விழும் சுமை உடல் நிறையின் இரண்டரை மடங்கு அளவு. 50 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு அடிக்கு அடி ஏறக்குறைய 120 கிலோ. இடது மூட்டு நோகும்போது வலது கையில் வாளி தொங்கினால், அந்தப் பக்கச் சரிவைத் தடுக்க இடது தசைகள் இன்னும் பலமாக இழுக்கவேண்டும். மூட்டில் சுமை கூடும். வாளி நோகிற பக்கத்துக் கையிலேயே இருந்தால் அந்த இழுவை குறையும். அரை வாளியாக இரண்டு தரம் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

பொல்லு ஊன்றுவதற்குக் கணக்கு மறுபக்கம். இடது இடுப்பு மூட்டு நோவுக்கு வலது கையில் பொல்லு. இடது காலும் பொல்லும் ஒன்றாக நிலத்தில் படவேண்டும். பொல்லுப் பிடித்தால் கிழவியாகிவிடுவோம் என்று அக்கா சிரித்தார். தோட்டத்துக்குப் போகும்போது மட்டும் ஒரு மண்வெட்டிப் பிடியை ஊன்றச் சம்மதித்தார்.

நோகிறது என்று படுத்தே இருந்தால் தசை மெலியும், மூட்டு மேலும் இறுகும். நோவைப் பொறுத்துக்கொண்டு நாள் முழுக்கக் குந்தியிருந்து களை பிடுங்கினாலும் கூடும். இரண்டுக்கும் நடுவே அளவாக அசையவேண்டும். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவை மூன்று. நிமிர்ந்து படுத்து, இரு முழங்கால்களையும் மடித்து, பாதத்தை ஊன்றிப் பிட்டத்தை மெல்ல உயர்த்தி ஐந்து எண்ணும்வரை பிடிப்பது. அதே நிலையில் முழங்கால்களுக்கு நடுவே சுருட்டிய துவாயை வைத்து ஐந்து எண்ணும்வரை நெரிப்பது. குசினி யன்னலைப் பிடித்து நேராக நின்று, உடம்பைச் சரிக்காமல் ஒரு காலைப் பக்கவாட்டில் சாணளவு உயர்த்தி இறக்குவது. ஒவ்வொன்றும் எட்டுத் தரத்தில் தொடங்கலாம். செய்யும்போது சிறிது நோவது பரவாயில்லை. அடுத்தநாள் காலை வழமையைவிடக் கூடுதலாக நொந்தால் பாதியாகக் குறைக்கவேண்டும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இரண்டு கிழமையில் ஒன்றும் இல்லையே என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

மருந்துக் கடைக் குளிசை பற்றியும் சொல்லவேண்டும். டைக்ளோபினாக் போன்ற நோவுக் குளிசைகளை மாதக்கணக்கில் தாமாகவே வாங்கிக் குடிப்பது வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்துக்குக் கேட்டையும் கொண்டுவரும். வவுனியா போன்ற, சிறுநீரக நோய் ஏற்கெனவே உள்ள மாவட்டங்களில் இது விளையாட்டல்ல.

கால் இழந்தவர்களுக்கு

கூட்டத்தில் செயற்கைக் கால் அணிந்த தங்கச்சி ஒருவரும் இருந்தார். முழங்காலுக்கு மேல் இழந்தவர். உதவித் திட்டத்தில் கிடைத்த தையல் இயந்திரத்தில் காலையிலிருந்து மாலைவரை வேலை. அந்த உதவி பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் இயந்திரத்தைக் கொடுத்தவர்கள், எட்டு மணித்தியாலம் இடுப்பை மடித்து இருந்தால் எஞ்சிய காலுக்கு என்ன நடக்கும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

எஞ்சிய தொடை மடிந்தபடியே இருந்தால், முன்பக்கத் தசைகள் குறுகி இடுப்பு மூட்டு அந்த நிலையிலேயே இறுகிவிடும். பிறகு செயற்கைக் காலில் நிமிர்ந்து நிற்க முடியாது. முன்னுக்கு வளைந்து நடக்கவேண்டிவரும், முதுகும் நோகும். தொடைக்குக் கீழே தலையணை வைத்துப் படுப்பது சுகமாக இருக்கும், அதைத்தான் கட்டாயம் தவிர்க்கவேண்டும். மாறாக, நாளில் இரண்டு மூன்று தரம், 15 முதல் 20 நிமிடம் குப்புறப் படுக்கவேண்டும். தைப்பவர்கள் ஒவ்வொரு மணித்தியாலமும் எழும்பி நிற்கவேண்டும்.

அந்தத் தங்கச்சிக்கு நோவு இருந்தது இழந்த பக்கத்தில் அல்ல, நல்ல காலின் தொடைச்சந்தில். இது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒரு காலை இழந்தவர்களின் மற்றக் கால்தான் வருடக்கணக்காக அதிக சுமையைத் தாங்குகிறது. அந்தப் பக்க மூட்டுகள் முந்தித் தேய்வதுண்டு. செயற்கைக் காலின் உயரம் பிழையாக இருந்தாலோ, உடம்பு மெலிந்தோ பெருத்தோ குழிப்பகுதி பொருந்தாமற் போனாலோ நடை சாய்ந்து இது இன்னும் கூடும். தந்த காலை அப்படியே பத்து வருடம் போட்டிருக்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கிவரும் ஜெய்ப்பூர் நிறுவனம் போன்ற இடங்களுக்குத் திரும்பப் போய் அளவு பார்க்கவேண்டும். பொல்லை எந்தக் கையில் பிடிப்பது என்பதையும் இவர்கள் அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன கணக்கு இவர்களுக்கு மாறலாம்.

உடம்பில் செல் துண்டு இருப்பவர்கள் எக்ஸ்ரே எடுப்பதற்குப் பயப்படவேண்டாம். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். அதன் காந்தம் சில உலோகங்களை அசைக்கக்கூடும்.

வீட்டில் வயதான அம்மா, அம்மம்மா விழுந்து, தொடைச்சந்தில் நோவென்று எழும்ப முடியாமற் கிடந்தால் காலைப் பாருங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் எலும்பு முறிந்திருக்கிறது. இழுக்கவோ எண்ணெய் தேய்க்கவோ வேண்டாம். அசைக்காமல் வைத்து 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். இப்படியான முறிவுக்குத் தாமதமில்லாமல் சத்திரசிகிச்சை செய்து நடக்க வைப்பதுதான் உயிரைக் காக்கும். மாதக்கணக்கில் படுத்தால் நெஞ்சில் சளி கட்டும், படுக்கைப் புண் வரும்.

நான்கு மாதம் கழித்து அந்தக் கிராமத்துக்கு மீண்டும் போனோம். அக்காவுக்கு நோவு முற்றாகப் போகவில்லை. தேய்ந்த மூட்டு வளராது. மிகவும் முற்றினால் மாற்று மூட்டுச் சத்திரசிகிச்சை உண்டு. பெரிய அரச வைத்தியசாலைகளில் அதைச் செய்கிறார்கள். அது இப்போது தேவையில்லை என்று எலும்பு வைத்தியர் சொல்லியிருக்கிறார். சைக்கிளை விட்டு, பார் இல்லாத பெண்கள் சைக்கிளாக மாற்றிக்கொண்டார். மலசலகூடத்தில் குந்துவதுதான் அவருக்குப் பெரிய பாடாக இருந்தது. மகன் ஒரு பழைய பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி, அதன் மேல் வைத்துக் கொடுத்திருந்தார். பக்கத்து வீட்டு ஆச்சியும் அப்படி ஒன்று கேட்டாராம்.

"இப்ப இரவில அஞ்சு மணித்தியாலம் படுக்கிறன் பிள்ளை" என்றார். வாளி இடது கையில் இருந்தது.